ஒன்றரை அங்குல அகலம்

ஜூன் 4

அக்கா,

நீ போனை எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி. நடுவில் புகுந்து உன்னால் பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். நீ பார்த்தது வேறாக இருக்கலாம்.

காலையில் கார் ஷெட் கதவைத் திறந்தேன். குள்ளி புது வீல்களோடு நின்றாள். நீ அவளை ஒரு சுற்று சுற்றி வந்தாய். ஒன்றும் சொல்லவில்லை. சாவியை வாங்கிக்கொண்டாய். அங்கேயே திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு பழைய கார் சங்கத்தின் மைதானம். நீ ஓட்டினாய், நான் பக்கத்து சீட்டில். வரிசையில் நிறுத்த இடது பக்கம் முழுவதும் ஒடிக்க வேண்டும். குள்ளி பாதிதான் திரும்பினாள். பிறகு நேராகப் போனாள், ஆள் நடக்கிற வேகத்தில், தேநீர் மேசையை நோக்கி. கோப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. கடைசிக் கோப்பை விழுவதற்குமுன் கொஞ்சம் யோசித்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ இறங்கினாய். எல்லாரும் கேட்கும்படி சொன்னாய்:

“எல்லாம் இவன் வேல. என்னைக் கேக்காம அகல வீல மாட்டி வெச்சிருக்கான். டயர் போயி ஆர்ச்சுல கடிச்சு ஸ்டீரிங்க பூட்டிருச்சு. ரெண்டு பேரும் செத்திருப்போம்.”

தேநீர் மேசையில் மோதி யாரும் சாவதில்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சங்கத் தலைவர் குனிந்து வீலுக்கு மேலே, ஃபெண்டரின் உள்விளிம்பில் விரலை ஓட்டினார். “வெட்டியிருக்கீங்களே தம்பி” என்றார். கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். மைதானம் முழுவதும் கேட்டது.

இனி என் பக்கம்.

நாம் இருவரும் ‘சரி’ சொல்லாமல் குள்ளியில் ஒரு ஸ்க்ரூகூட மாறாது. அது நம் விதி. துருப்பிடித்த கூடாக நீ அவளை வாங்கிவந்த அன்று, நான் பள்ளிக்கூடச் சட்டையோடு ஒப்புக்கொண்ட விதி. அவள் உன்னுடையவள். உன் ஃப்ளாட்டில் இடமில்லை என்பதால் என் ஷெட்டில் தூங்குகிறாள், அவ்வளவுதான். எனக்கு இதெல்லாம் தெரியும்.

உனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று செய்ததாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். உண்மை அதைவிடச் சின்னது. போன கூட்டத்தில் அந்தப் பச்சைக் கார்க்காரர் கேட்டார்: “ஏம்ப்பா, உங்க வண்டிக்கு சைக்கிள் சக்கரமா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் ஆராய்ச்சி முடியாததைப் பற்றி யார் கேட்டாலும் தாங்கிக்கொள்கிறேன். இதைத் தாங்க முடியவில்லை. ஒரு காரின் ஒல்லிக் கால்களுக்காக ஒரு மனிதன் வெட்கப்படலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

பழைய இரும்பு வீலைவிட ஒன்றரை அங்குலம் அகலம். மாட்டியதும் முன்பக்க இடது டயர், வீலுக்கு மேலே வளைந்திருக்கும் ஆர்ச்சின் உள்மடிப்பில் உரசியது. அதைப் போகும் வழியில் உன்னிடம் சொன்னேனே. கிரைண்டரை எடுத்து மடிப்பை வெட்டினேன். அந்த மடிப்பில் நீ பல் சுரண்டும் கருவியை வைத்துத் துரு எடுத்திருக்கிறாய். விடுமுறை விடுமுறையாக வந்து எடுத்திருக்கிறாய். எனக்கு அது நினைவிருந்தது. கிரைண்டரை வைக்கும்போதும் நினைவிருந்தது.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மன்னித்தாக வேண்டிய மாதிரி ஆகிவிடும். அதனால் எழுதவில்லை.

சுண்டு

———

ஜூன் 11

சுண்டு,

கடிதம் கிடைத்தது. அழகாக எழுதியிருக்கிறாய். இப்படி ஆராய்ச்சியை எழுதியிருந்தால் இந்நேரம் நீயும் டாக்டர். குடும்பத்துக்கு ஒரு பல் டாக்டர் போதும் என்று விட்டுக்கொடுத்துவிட்டாயோ என்னவோ.

கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிறேன் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. கிளினிக்கில் ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில்தான் எனக்கு நேரம்.

கடைசிக் கோப்பை யோசித்ததைப் பார்த்தாயாம். அந்த நேரத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்திருக்கலாம். அது உன் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

விதியை மீறினாய். சரி. ஆர்ச்சை வெட்டினாய். அதுவும் சரி, தகரம்தானே. ஆனால் அத்தனை பேர் முன்னால் என்னை ஓட்டத் தெரியாதவள் மாதிரி நிற்கவைத்தாயே. அந்தப் பச்சைக் கார்க்காரன் என் பக்கத்தில் வந்து, “பரவால்ல மேடம், லேடீஸுக்கு இந்த மாதிரி வண்டி கொஞ்சம் கஷ்டம்தான்” என்கிறான். அவனுடைய கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கியவள் நான். மயக்க ஊசிக்குப் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தவன்.

டயர் கடித்தது. ஸ்டீரிங் பூட்டிக்கொண்டது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உனக்கும் வேண்டாம்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். குள்ளியை விற்கிறேன். ஜூலை 12 அன்று ஒருவர் பார்க்க வருவார். அவருக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். பழைய இரும்பு வீல்களை மாட்டிவை. ஆர்ச்சை வெட்டிய கதையை நீயே அவரிடம் சொல். நான் சொன்னால் அழுதுவிடுவேன். அழுகிறவளிடம் யாரும் நியாயமாகப் பேச மாட்டார்கள்.

நீ வெட்டியதால்தான் விற்கிறேன். அதை மனதில் வைத்துக்கொள்.

அக்கா

———

ஜூன் 20

அக்கா,

விற்கிறேன் என்ற வரியைப் படித்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்து பார்த்தாள். “துக்கம் விசாரிக்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க” என்றாள்.

பிறகு ஒரு வேலை செய்தேன். நான் செய்த தப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளத்தான் செய்தேன். வேறு எண்ணம் இல்லை. இதை நீ நம்ப வேண்டும்.

ஆர்ச்சின் உள்விளிம்பு முழுவதும் ஈரமாக்கி சாக்பீஸ் தூளைப் பூசினேன். டயர் எங்கே தொட்டாலும் தூள் அழியும், தடம் தெரியும். நாம் இருவரும் உட்கார்ந்திருந்த கனம் வரட்டும் என்று சீட்டில் மணல் மூட்டை வைத்தேன். தெருவுக்கு ஓட்டிப்போய், நடக்கிற வேகத்தில், இடது பக்கம் முழுவதும் ஒடித்தேன். வலது பக்கம். மறுபடி இடது.

தூள் அழியவில்லை.

பள்ளத்தில் இறக்கி ஒடித்தேன். அழியவில்லை. வெட்டுவதற்குமுன் உரசியது உண்மை. வெட்டியபின் உரசவில்லை. அதற்காகத்தானே வெட்டினேன்.

டயர் கடைக்காரரிடமும் கேட்டேன். “அகல டயர்னா ரோட்ட கெட்டியா புடிக்கும். ஸ்டீரிங் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும் சார். பவர் ஸ்டீரிங் இல்லாத வண்டி வேற. ஆனா பூட்டுறதுக்கு அதுல என்ன இருக்கு?” என்றார்.

கனம் எவ்வளவு என்று பார்க்க என் மனைவியை உட்காரவைத்தேன். மூட்டையை இறக்கிவிட்டு நான் பக்கத்தில். அவள் திருப்பினாள். “கொஞ்சம் கனமாத்தான் இருக்கு. ஆனா திரும்புதே. எனக்கே திரும்புது. உங்க அக்கா தெனம் பல்லு புடுங்குற கை, அதுக்கா...”

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள்.

இன்னொன்று. அன்று போகும் வழியில் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினாய். “தொறந்து குடுடா” என்றாய். ஓட்டுகிறாயே என்று திறந்து கொடுத்தேன். வண்டி அப்போது சிக்னலில் நின்றிருந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் அடித்தது தெரியும்.

சுண்டு

———

ஜூன் 26

சுண்டு,

சாக்பீஸ் தூள். சொந்த அக்காவுக்கு. போலீஸ் நாயையும் கூட்டிவந்திருக்கலாமே.

உன் பெண்டாட்டி கையில் பலம் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷம். நன்றாக இருக்கட்டும். சிக்னலில் வண்டி நின்றால் பாட்டிலை நானே திறக்க வேண்டும் என்று எங்காவது சட்டம் இருக்கிறதா? நீ சின்னப் பையனாக இருந்தபோது உனக்கு எத்தனை பாட்டில் திறந்திருப்பேன், எத்தனை தடவை மூக்கு சிந்திவிட்டிருப்பேன். அதையெல்லாம் எந்தத் தூளைப் பூசிக் கண்டுபிடிப்பாய்?

டயர் கடித்தது. ஓட்டியவள் நான். சொல்வது நான்.

அத்தனை பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. இனி அதுதான் நடந்தது.

ஜூலை 12. வருகிறவர் காலையில் வருவார். இனிமேல் எழுதாதே. எழுதியே ஆக வேண்டும் என்றால் வீலைப் பற்றி மட்டும் எழுது.

அக்கா

———

ஜூலை 4

அக்கா,

வீலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பழைய இரும்பு வீல்களை மாட்டிவிட்டேன். அவற்றுக்கு நட் வேறு என்பதால் பழைய நட்டுகளையும் தேடி எடுத்தேன். உன் மருந்து டப்பா ஒன்றில் போட்டு, மேலே ‘தொடாதே’ என்று நீ எழுதிவைத்தது அப்படியே இருக்கிறது. எவ்வளவு அழகான கையெழுத்து உனக்கு. மன்னித்துக்கொள், இது வீலைப் பற்றியது அல்ல.

ஆர்ச் இப்போது பெரிதாகத் தெரிகிறது. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட பையன் மாதிரி நிற்கிறாள். வெட்டிய இடத்துக்கு வண்ணம் அடித்தேன். விரலால் தடவினால் தெரியும். அசல் வேண்டும் என்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் தடவுகிறார்கள்.

சங்கத்தின் மாதக் கூட்டம் நடந்தது. இதுவும் வீலைப் பற்றியதுதான். பச்சைக் கார்க்காரர் எழுந்து, உன்னை இனிமேல் கார் ஓட்டத்தில் சேர்க்கலாமா என்று கேட்டார். “அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். தலைவர் என்னைப் பார்த்தார்.

“தம்பி, நீங்க பக்கத்துல இருந்தீங்க. வண்டியா, ஆளா?”

எழுந்து நின்றேன். டயர் கடித்தது என்றேன். இடது முன் டயர், உள்மடிப்பில், முழுவதும் ஒடிக்கும்போது. நான் வெட்டியது போதவில்லை. எங்கே, எப்படி என்று விவரமாகச் சொன்னேன். பூசின தூள் எங்கெங்கே அழிந்திருக்க வேண்டுமோ அங்கெல்லாம் அழிந்ததாகச் சொன்னேன்.

“அப்ப அக்கா பேரு இருக்கட்டும். உங்க பேரத்தான் எடுக்கணும்” என்றார் தலைவர். எடுத்துவிட்டார்கள். இந்த வருடம் நான் ஓட்ட முடியாது. பார்க்கலாம், கைதட்டலாம். வெளியே வரும்போது யாரோ, “வழி விடுங்கப்பா, அகலம் வர்றாரு” என்றார். இப்போது எல்லாருக்கும் நான் ‘அகலம்’தான். டயர் கடைக்காரர்கூடப் போனில், “சொல்லுங்க அகலம் சார்” என்கிறார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

பொய் சொல்லும்போது கூசும் என்று நினைத்திருந்தேன். கூசவில்லை. தூள் அழியாமல் இருந்ததைப் பார்த்த அன்று கூசியது. வேண்டாத இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்ட மாதிரி.

கடைசியாக ஒன்று. இது வீல் இல்லை, ஆனால் வட்டமானது. அதனால் அனுமதிப்பாய் என்று நினைக்கிறேன்.

பழைய உதிரிபாகக் கடையில் ஒரு ஸ்டீரிங் கிடைத்தது. குள்ளிக்கு முந்தைய மாடலில் வந்தது, அதனால் தண்டில் அப்படியே உட்காரும். இப்போது இருப்பதைவிட நான்கு விரல் பெரிது. பிடியும் தடிமன். விரலை மடக்கி இறுக்க வேண்டியதில்லை, உள்ளங்கையை வைத்துத் தள்ளினாலே போதும். வட்டம் பெரிதானால் கனம் குறையும். கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் தாழ்ப்பாள் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்.

மாட்டவில்லை. துணியில் சுற்றி ஷெட்டில் வைத்திருக்கிறேன். வாங்க வருகிறவருக்கு இது தேவைப்படாது. அவருக்கு அசல் வேண்டும்.

மாட்டட்டுமா? என் பக்கம் சரி. உன் பக்கம் நீ சொல்ல வேண்டும்.

சுண்டு

———

ஜூலை 9

சுண்டு,

கையால் எழுதுகிறேன். கோணல் எழுத்தைப் பார்த்ததும் உனக்கே தெரிந்திருக்கும். நடுநடுவே பேனாவை மேசையில் வைக்கிறேன். வைத்துவிட்டு விரல்களைப் பார்க்கிறேன்.

கை மூட்டுவாதம். போன வருடத்திலிருந்து. காலையில் எழுந்தால் விரல்கள் என்னுடையவை இல்லை. மதியத்துக்குமேல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். கட்டைவிரல் மட்டும் எந்த நேரத்திலும் வராது. ஒரு டாக்டரிடம் காட்டினேன். வேறு ஊரில். யாருக்கும் என்னைத் தெரியாத இடமாகப் பார்த்து. மருந்து இருக்கிறது. குறையும், போகாது. என் நோயாளிகளிடம் நான் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

கிளினிக்கில் இப்போது பல் பிடுங்குவது என் ஜூனியர். அவளுக்கு அனுபவம் வரட்டும் என்று விட்டுக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் நம்புகிறாள். போன வாரம் ஒரு பெரிய கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு, “உங்கள மாதிரி யாரு மேடம் குடுப்பாங்க” என்று கண் கலங்கினாள். நான் அவள் தோளில் தட்டினேன். தட்டுவதற்கு விரல் மடங்க வேண்டாம்.

பல் எடுக்க முடியாத பல் டாக்டர். இதை எழுதிவிட்டு ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். யார் படிக்கப்போகிறார்கள்?

அந்த ஞாயிறு. இடது பக்கம் ஒடித்தேன், பாதியில் பிடி நழுவியது. மறுபடி பிடித்தேன், நழுவியது. கால் நன்றாகத்தான் இருந்தது, பிரேக் மிதித்திருக்கலாம். மிதித்தால் நடுவில் நிற்கும். நின்றால், ஏன் நின்றாய் என்று கேட்பார்கள். மேசை வரும்வரை கையை நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் கோப்பைகள். அப்புறம் எல்லா முகங்களும். டயர் உரசுகிறது என்று நீ வழியில் சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. யாரோ எடுத்துக் கொடுத்த மாதிரி.

பழைய வீலாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஒளித்திருப்பேன். ஒன்றரை அங்குலம் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் விற்கிறேன் என்றேன். நீ வெட்டியதால் என்று வேறு எழுதினேன். அதைக் கம்ப்யூட்டரில் அடித்து, ஒரு தடவை படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று அனுப்பினேன். இதையும் தெரிந்துகொள்.

கூட்டத்தில் நீ சொன்னதைப் படித்தபோது கடிதத்தைக் கவிழ்த்துவைத்துவிட்டேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். நான் சொன்ன பொய்யை எடுத்து, தூள் வரைக்கும் சரிபார்த்து, சுத்தமாக மடித்துக் கொடுத்திருக்கிறாய்.

வாங்க வருகிறவருக்குச் சொல்லிவிட்டேன், வர வேண்டாம் என்று. “ஏன் மேடம், வேற யாராவது கூட குடுக்கறாங்களா?” என்றார். இல்லை, தம்பியிடம் கேட்காமல் சொல்லிவிட்டேன், எங்கள் வீட்டில் அப்படி ஒரு விதி என்றேன். ஆர்ச்சை வெட்டியதையும் சொன்னேன், அதோடே வாங்கியிருப்பேன் என்று சிரித்தார். நீ பயந்ததெல்லாம் வீண்.

12ஆம் தேதி அவருக்குப் பதில் நான் வருகிறேன். பஸ்ஸில். சாயங்காலம் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போகலாம். டயர் கடிக்கவில்லை என்று நானே சொல்கிறேன். கையைக் காட்டச் சொன்னால் காட்டுகிறேன். மைக்கில் வேண்டாம். மைக்கில் என்னால் முடியாது. பச்சைக் கார்க்காரனுக்கு அவரே சொல்லிக்கொள்ளட்டும், நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். உன் பேரைத் திரும்பச் சேர்ப்பார்கள். ‘அகலம்’ போகுமா என்று தெரியவில்லை. அது உனக்குப் பொருந்துகிறது, உன் நெஞ்சைத் தவிர மற்ற எல்லாம் ஒல்லியாக இருந்தாலும்.

ஜூனியரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். அது இந்தக் கடிதத்தைவிடக் கஷ்டம்.

அன்று காலை ஷெட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாயே. கதவைத் திறந்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அவ்வளவு அழகாக இருந்தாள். தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாயப்போகிற மாதிரி. அதைச் சொன்னால் விதியை மீறியதற்கு நானே சரி சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால் மைதானத்தில் அவ்வளவு சுலபமாக உன்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அதனால் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். பெரிய ஸ்டீரிங்: சரி. அகல வீல்: சரி.

கனம் பற்றிக் கவலைப்படாதே. நேர் ரோட்டில் நான் ஓட்டுகிறேன். திருப்பம் வந்தால் நிறுத்திவிட்டு இறங்கி மாறிக்கொள்வோம். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பான். அடிக்கட்டும்.

அக்கா